பேரு எழுதாம வந்தா போதும்

கடைசியா பதிவு போட்டு நாலு மாசம் ஆச்சு. ஆணி ஜாஸ்தி, கூடவே சோம்பேறித்தனமும். இன்னிக்கு என்னைய எழுத உக்கார வச்சது என் அக்கா மக.

திருச்சியில பதினொண்ணாவது படிக்கிறா. போன மாசம் வீட்டுக்கு வந்தவ பளபளன்னு ஒரு நோட்டீஸை நீட்டினா. பள்ளிக்கூடத்துல இருந்து இமயமலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். எட்டு நாள். அதுல அஞ்சு நாள் மலையேத்தம், ஒரு நாள் "கலாச்சார அனுபவம்", ஒன்றரை நாள் "சமூக சேவை". மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு சுவர்ல பெயிண்ட் அடிச்சு, புள்ளைங்களுக்கு நோட்டு பென்சில் குடுத்துட்டு வரணும். கடைசியில சான்றிதழ் உண்டு. கட்டணம் நாப்பத்தெட்டாயிரம். ரயில் செலவு தனி.

"மாமா, அம்மா பாதி தர்றேன்னு சொல்லிட்டாங்க. மீதிக்கு நீங்கதான் மனசு வைக்கணும்."

நான் பணத்தைப் பத்தி எதுவும் சொல்லல. "அந்த ஊர்க்காரங்க பெயிண்ட் அடிக்கச் சொல்லிக் கேட்டாங்களா குட்டி?"ன்னு மட்டும் கேட்டேன். அவ முழிச்சா. அக்கா அடுப்படியில இருந்து, "ஆரம்பிச்சுட்டான்யா, புள்ள ஆசையா கேக்குது, இவன் குறுக்கு விசாரணை பண்றான்"னு சவுண்டு விட்டா. அன்னிக்கு அதோட முடிஞ்சது. ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ள முடியல. ஏன்னா அது அவகிட்ட கேட்ட கேள்வியே இல்ல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட நானே கேட்டிருக்க வேண்டியது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மலையேத்தத்துக்கு நான் எதிரி கிடையாது. பதினாறு வயசுப் புள்ள பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, மூச்சு வாங்க ஏறி, பனி மலையைப் பாத்துட்டு வந்தா அதைவிட நல்ல படிப்பு எது? என் பிரச்சினை அந்த ஒன்றரை நாள் "சேவை" மேலதான்.

இந்த மாதிரி மலை, பண்பாடு, தொண்டு மூணையும் கலந்து கட்டற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன். இங்கிலாந்துல 1956-ல எடின்பரோ கோமகன் பேர்ல இளைஞர்களுக்கு ஒரு விருதுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு பல நாட்டுல நடக்குது, நம்ம நாட்டுலயும் இருக்கு. தொண்டு, உடற்பயிற்சி, கைத்திறன், பயணம்னு அதுல பிரிவு பிரிவா இருக்கும். இதுல கவனிக்க வேண்டியது கணக்குதான். வெண்கல விருதுக்கு பயணம் ரெண்டு பகல் ஒரு ராத்திரி. தொண்டு குறைஞ்சது மூணு மாசம். தங்க விருதுக்கு பயணம் நாலு பகல் மூணு ராத்திரி. தொண்டு பன்னெண்டு மாசம். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்னு, பெரும்பாலும் அவங்கவங்க ஊர்லயே செய்யறது.

அதாவது மலைக்கு நாள் கணக்கு, தொண்டுக்கு மாசக் கணக்கு. நம்மாளுங்க விக்கற பேக்கேஜ்ல இது தலைகீழா ஆயிடுச்சு. மலைக்கு அஞ்சு நாள், தொண்டுக்கு ஒன்றரை நாள். பிரியாணிக்கு ரெண்டு வெங்காயம் தயிர்ல போட்டுத் தர்ற மாதிரி சேவையை ஓரமா வச்சுத் தர்றாங்க.

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்கோங்க.

1999 ஜனவரி. நான் காலேஜ் ரெண்டாம் வருஷம். என்.எஸ்.எஸ். முகாம். தெரியாதவங்களுக்காக: நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல ஆரம்பிச்சது. 37 பல்கலைக்கழகம், 40,000 மாணவர்கள்னு தொடங்கினாங்க. வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை. அது போக, தத்தெடுத்த கிராமத்துல ஏழு நாள் சிறப்பு முகாம். "எனக்காக அல்ல, உனக்காக"ங்கறது அதோட கொள்கை. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க முகாம் புதுக்கோட்டை மாவட்டத்துலயே ஒரு கிராமம். ஊர் பேரு வேண்டாம். அம்பது பேரு பள்ளிக்கூடத்துல ரெண்டு ரூம்ல படுத்துக்கிட்டோம். காலையில சீமைக் கருவேலம் வெட்டறது, கோயிலைச் சுத்தி சுத்தம் பண்றது, மத்தியானம் அண்டாவுல வெந்த சாம்பார் சாதம், சாயங்காலம் மேடை போட்டு நாடகம், டான்ஸ். ஒரு நாள் குடுமியான்மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பாறையில வெட்டின இசைக் கல்வெட்டைப் பாத்தோம். பாத்தோம்னு சொல்றதைவிட அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்தோம்னு சொல்லலாம். ஆக மலை, பண்பாடு, தொண்டு மூணும் நாப்பத்தெட்டாயிரம் இல்லாமலே எங்களுக்குக் கிடைச்சது :-)

நாங்க பண்ணின பெரிய வேலை மரம் நட்டது. இருநூறு கன்னு. பள்ளிக்கூடத்து சுவர்ல சுண்ணாம்பு அடிச்சு, காலேஜ் பேரு, முகாம் தேதி எல்லாம் நீலப் பெயிண்ட்ல கொட்டை எழுத்துல எழுதினோம். ஊரு முகப்புல ஒரு போர்டும் வச்சோம்.

நாலாம் நாளு ஒரு அப்பத்தா வந்துச்சு. கையில ஒரு மஞ்சப்பை. "ஏய்யா, நீங்கல்லாம் எழுதப் படிச்ச புள்ளைகதானே. முதியோர் பணத்துக்கு ஒரு மனு எழுதித் தாங்கய்யா"ன்னு கேட்டுச்சு. கையெழுத்து நல்லா இருக்கும்னு சுவத்துல எழுத விட்டதே என்னைத்தான். கையில பிரஷ்ஷோட, "நாளைக்கு எழுதித் தர்றேன் அப்பத்தா"ன்னேன். மறுநாள் வந்துச்சு. மேடை வேலை. மறுபடி நாளைக்குன்னேன். கடைசி நாள் சிறப்பு விருந்தினர், மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ. அப்பத்தா கூட்டத்துல பின்னாடி மஞ்சப்பையோட நின்னுச்சு. பஸ் கிளம்பும்போதுதான் பாத்தேன். கை ஆட்டினேன். அதுவும் பதிலுக்கு ஆட்டுச்சு.

சித்திரை பொறந்த பிறகு பக்கத்து ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்துச்சு. அந்த வழியா சைக்கிள்ல போய் பாத்தேன். இருநூறு கன்னுல நான் எண்ணினது பதினொண்ணு. நம்ம மாவட்டத்துல மழைன்னா பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான். மழை முடிஞ்சு தை மாசத்துல கன்னு நட்டா எந்தத் தண்ணியில பொழைக்கும்? மிச்சத்தை ஆடு பாத்துக்கிச்சு. ஏன் தை மாசத்துல நட்டோம்? அப்பதான் காலேஜ்ல லீவு. மழையோட காலண்டரை யாரும் பாக்கல, எங்க காலண்டரைத்தான் பாத்தோம். ஊர்ல ஒரு விவசாயிகிட்ட கேட்டிருந்தா அரை நிமிஷத்துல சொல்லியிருப்பாரு.

ஆனா சுவத்துல எழுதின பேரு மட்டும் அப்படியே பளிச்சுன்னு இருந்துச்சு. போர்டும் நின்னுச்சு.

அப்பத்தா வீட்டைத் தேடிப் போனேன். மனு என்னாச்சுன்னு கேட்டேன். "இருவது ரூவா குடுத்து டவுன்ல எழுதி வாங்குனேன்யா. என்னமோ குறையுதுன்னு திருப்பி விட்டுட்டாக"ன்னுச்சு. மக்களே, அம்பது காலேஜ் பசங்க ஏழு நாள் அந்த ஊர்ல இருந்தோம். அம்பது பேருக்கும் எழுதத் தெரியும். அது இருவது ரூவா குடுத்து, பஸ் ஏறிப் போய் எழுதி வாங்கியிருக்கு. திண்ணையில உக்காந்து, திருப்பி விட்ட காகிதத்தைப் படிச்சு, வயசுச் சான்று சேர்க்கணும்னு புரிஞ்சுக்கிட்டு, வேற மனு எழுதிக் குடுத்தேன். கால் மணி நேரம் ஆச்சு. 240 மணி நேரத்துல நான் செஞ்ச உருப்படியான சேவை, கணக்குல வராத அந்தக் கால் மணி நேரம்தான்.

அன்னிக்கு அப்பத்தாவோட மருமக சொன்னது இன்னமும் காதுல இருக்கு. அவங்க அறிவொளியில படிச்சவங்க. கையெழுத்து போடுவாங்க, பஸ் போர்டு படிப்பாங்க, மனு எழுதற அளவுக்கு வராது. "அறிவொளிப் புள்ளைக தெனம் பொழுது சாய வந்துச்சுக. எங்களுக்கு சோறாக்கி முடிய நேரமாச்சுன்னா காத்துக் கெடக்குங்க. நீங்க வந்தீக, வேலை பாத்தீக, போய்ட்டீக. தப்பா சொல்லல தம்பி"ன்னாங்க. தப்பா சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

*

ரொம்ப நாள் கழிச்சு இவான் இல்லிச் பேசின ஒரு உரையைப் படிச்சேன். பள்ளிக்கூடமே வேண்டாம்னு எழுதின அதே இல்லிச்தான். 1968 ஏப்ரல்ல மெக்சிகோவுல, கோடை விடுமுறைக்கு கிராமத்துக்கு சேவை செய்யப் போற அமெரிக்க மாணவர்கள் கூட்டத்துல பேசினாரு. கூப்பிட்ட விருந்தாளி அவங்க முகத்துக்கு நேரா, உங்க நல்லெண்ணம் யாருக்கும் பிரயோஜனம் இல்லைன்னு போட்டு உடைச்சாரு. வாங்க, சுத்திப் பாருங்க, எங்க மலையில ஏறுங்க, படிங்க, ஆனா உதவி பண்றேன்னு மட்டும் வராதீங்கங்கறது அவரு வாதம். மொழியும் தெரியாம, அந்த மக்களோட வாழ்க்கையும் தெரியாம, ரெண்டு மாசத்துல உங்க மனத்திருப்திக்காகத்தான் எதையாவது செய்வீங்கன்னாரு.

படிச்சப்ப என் கன்னத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு. சரியாத்தானே சொல்றாருன்னு தோணுச்சு. ஆனா புதுக்கோட்டைக்காரனா முழுசா ஒத்துக்க முடியல. ஏன்னா தன்னார்வத் தொண்டால ஒரு மாவட்டமே நிமிர்ந்ததை எங்க ஊரு பாத்திருக்கு.

1991, 92-ல நடந்த அறிவொளி இயக்கம். அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். சம்பளம் இல்லாத தொண்டர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊரு இளவட்டங்க, சாயங்காலமானா அரிக்கேன் விளக்கோட உக்காருவாங்க. வயக்காட்டுல வேலை பாக்கறவங்க, கல் குவாரியில உடைக்கறவங்க, பட்டைக்கல் தீட்டறவங்கன்னு பொம்பளைங்க வந்து படிச்சாங்க. எழுத்து மட்டும் போதாது, நாலு இடத்துக்கு நடமாடவும் தெரியணும்னு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுக்கறதையும் இயக்கத்துல சேத்தாங்க. 1992 மகளிர் தினத்துல ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல பொம்பளைங்க சைக்கிள்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டைத் தெருவுல வந்தாங்க. நான் அப்ப ஸ்கூல் பையன். வாய் பொளந்து நின்னேன்.

பத்திரிகையாளர் சாய்நாத் 1996-ல வந்த தன்னோட புத்தகத்துல இதை எழுதியிருக்காரு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளையே பொம்பளைங்க ஓட்டினாங்களாம். குறுக்குக் கம்பியில புள்ளையை உக்கார வைக்கலாம்னு அதையே விரும்பிக் கேட்டவங்களும் உண்டு. இந்த மாதிரி விஷயம் எந்த அதிகாரியும் ரூம்ல உக்காந்து யோசிச்சு வராது. ஊரோட இருந்து, என்ன வேணும்னு பாத்துப் பாத்து செஞ்சா மட்டும்தான் வரும்.

அப்ப இல்லிச் தப்பா? இல்ல. அவரு திட்டினது வந்துட்டுப் போறவங்களை. அறிவொளியில இருந்தவங்க அங்கயே இருந்தவங்க. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா எல்லாமே அதுலதான் இருக்கு.

வெளியூர்க்காரன், அதுவும் மலையேற வந்தவன், உருப்படியா எதுவும் செய்யவே முடியாதாங்கறீங்களா? அதுக்கும் உதாரணம் இருக்கு. எவரெஸ்ட் ஏறின எட்மண்ட் ஹிலாரி. 1953-ல உச்சியைத் தொட்ட மனுஷன், கூட வந்த ஷெர்பா மக்களுக்கு என்ன வேணும்னு கேட்டப்ப, அவங்க கேட்டது பள்ளிக்கூடம். 1961-ல கும்ஜுங் கிராமத்துல பள்ளிக்கூடம் கட்டினாரு. 1966-ல குந்தேயில ஆஸ்பத்திரி. 2008-ல சாகற வரைக்கும் அந்த மக்களோட தொடர்பை விடல. மலையை ஒரு தடவைதான் ஏறினாரு. கிராமத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாரு. எனக்கு அவரு மேல மரியாதை வந்தது இந்த ரெண்டாவது விஷயத்துக்காகத்தான்.

*

சரி, அக்கா மக கதைக்கு வர்றேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, "வா, இமயமலைக்கு ஒத்திகை பாப்போம்"னு கூப்பிட்டேன். காலையில ஆறு மணிக்கெல்லாம் நார்த்தாமலை. புதுக்கோட்டையில மலையான்னு சிரிக்காதீங்க. எங்க ஊரு மலைங்க உயரத்துல குட்டிதான். நார்த்தாமலையில மட்டும் மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலைன்னு ஒன்பது குன்னு இருக்கு. சஞ்சீவி மலையில இருந்து உதிர்ந்த துண்டுங்கன்னு ஊர்ல ஒரு கதை. நாட்டுக்கோட்டை மாதிரி இதுவும் வணிகர் ஊரு, நகரத்தார் மலைதான் நார்த்தாமலை ஆச்சுன்னும் சொல்வாங்க. ஆளு ஒசரம் பாத்து ஏமாந்துடக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல அந்த மொட்டைப் பாறை தோசைக்கல்லு. அதனாலதான் ஆறு மணி.

மேலமலையில வெறும் பாறையில நடந்து ஏறினா விஜயாலய சோழீச்சுரம். வெளிய பாத்தா சதுரம், உள்ள கருவறை வட்டம். எதிர்ல குடைவரையில பன்னெண்டு திருமால், ஒரே அளவுல வரிசையா நிக்கறாங்க. அவ மூச்சு வாங்கிட்டு உக்காந்து, "மாமா, ஸ்கூல்ல இருந்து முக்கால் மணி நேரம். ஒருத்தரும் கூட்டிட்டு வரலையே"ன்னா. அந்தக் கல்வெட்டுல ஒரு விஷயம் உண்டு. சாத்தன் பூதிங்கற முத்தரையர் கட்டின கோயில் இடி விழுந்து சிதைஞ்சப்ப, மல்லன் விடுமன்னு ஒருத்தர் பழுது பாத்திருக்காரு. கட்டினவன் ஒருத்தன், பழுது பாத்தவன் ஒருத்தன். பழுது பாக்கறதும் பெரிய வேலைதான்னு அந்தக் காலத்துலயே மதிச்சிருக்காங்க.

அப்படியே சித்தன்னவாசல். முதல்ல ஏழடிப்பட்டம். மலையோட மறுபக்கத்துக்கு ஏறி இறங்கிப் போகணும், கொஞ்சம் அடி வயிறு கலங்கும். குகைக்குள்ள பதினேழு கல் படுக்கை, தலைமாட்டுல தலகாணி மாதிரி மேடு. வழவழன்னு தேச்சிருக்காங்க. ஒரு படுக்கையில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழ் பிராமி எழுத்து. மத்ததுல பின்னாடி வந்த சமணத் துறவிங்க பேரு. எல்லாத்தையும் விட்டுட்டு, பட்டினி கிடந்து தவம் பண்ணின மனுஷங்க.

அதே பாறையில, பக்கத்துலயே, நம்ம காலத்துப் பசங்க கீறின பேருங்களும் உண்டு. இன்னாரு லவ்ஸ் இன்னாருன்னு. அதனாலதான் இப்ப கம்பி வேலி. அறிவர் கோயில் ஓவியத்தையும் காவல் இல்லாத காலத்துல கண்டவனும் பாழாக்கி, இப்ப மிஞ்சினதைத்தான் பாக்கறோம். தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கற துறவி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல தாங்கின சித்திரம் ஸ்கூல் டூரைத் தாங்கல.

அங்க நின்னுதான் அவகிட்ட அப்பத்தா கதையை முதல் தடவையா சொன்னேன். கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்ப நீங்க ஸ்கூல் சுவர்ல எழுதினதும் இதுவும் ஒண்ணுதானா மாமா?"ன்னா.

ஆமா. ஒண்ணுதான். ஆணியால கீறினா அசிங்கம்னு தெரியுது. நீலப் பெயிண்ட்ல எழுதினா சேவைன்னு பேரு. நான் வந்தேன், நான் செஞ்சேன்னு எழுதிட்டுப் போற வியாதி ரெண்டுலயும் ஒண்ணுதான். "எனக்காக அல்ல, உனக்காக"ன்னு சட்டையில குத்திக்கிட்டு என் காலேஜ் பேரை இன்னொருத்தன் ஊர்ல எழுதி வச்சுட்டு வந்தவன் நான்.

*

குறை சொல்லிட்டுப் போறது சுலபம். அதனால, பள்ளிக்கூடமோ காலேஜோ நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு நாலு வார்த்தை.

மலையேறக் கூட்டிட்டுப் போங்க. நல்லா ஏறட்டும். சேவைங்கற முலாம் பூசாமலே மலைக்கு மதிப்பு உண்டு. வனத்துறை அனுமதி, தெரிஞ்ச வழிகாட்டி ரெண்டும் முக்கியம். 2018 மார்ச்ல குரங்கணி தீயில போன உயிருங்களை மறக்கக் கூடாது. இப்ப தமிழ்நாடு அரசே 2024-ல இருந்து நாப்பது மலைப்பாதைகளை வழிகாட்டியோட திறந்திருக்கு. நம்ம மாவட்டத்துக் குன்னுங்களுக்கும் ஒருநாள் அப்படி வரணும்.

பண்பாட்டைக் காட்டுங்க. ஒரு நாள்ல எட்டு கோயில் வேண்டாம். ஒரு கோயில், ஒரு கல்வெட்டு, அரை நாள். உக்காந்து பாக்கட்டும். அங்க இருக்கற காவலாளிகிட்ட பேசட்டும். அவங்களுக்குத் தெரிஞ்சது பல புத்தகத்துல இல்ல.

தொண்டை மட்டும் தனியா பிரிச்சு, உங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே வைங்க. ஒரே ஊரு, குறைஞ்சது மூணு வருஷம், மாசம் ரெண்டு சனிக்கிழமை. முதல் மூணு தடவை எதுவும் செய்யாதீங்க, கேளுங்க. மனு எழுதணுமா, வங்கிக் கணக்கு விவரம் புரியலையா, ஆதார்ல பேரு தப்பா இருக்கா, புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்பணுமா. பதினாறு வயசுப் புள்ளையால முடியற வேலைங்க இது. போன்ல வர்ற ஓ.டி.பி.-யை யாருக்கும் சொல்லாதீங்கன்னு ஒரு அப்பத்தாவுக்குப் புரிய வைக்கறது, இருநூறு கன்னு நடறதைவிடப் பெருசு. கன்னு நடணும்னா ஐப்பசியில நடுங்க, பத்து நட்டாப் போதும், ரெண்டு வருஷம் தண்ணி ஊத்துங்க.

அவசரம்னா வந்துட்டுப் போற உதவியும் வேணும், மறுக்கல. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட விழுந்து கிடந்தப்ப, அறுக்க ஆளு வேணும், தண்ணி வேணும், தார்ப்பாய் வேணும்னு ஊரே கேட்டுச்சு. வெளியூர்ப் பசங்க லாரி ஏறி வந்தாங்க. அதை என்னிக்கும் மறக்க மாட்டோம். ஆனா அதுக்கு அடுத்த வருஷம் பேராவூரணிப் பக்கம் பெரிய ஏரியைத் தூர் வாரினது யாரு? அந்த மண்ணுக்காரங்க, கைஃபா இளைஞர்கள். கேட்டப்ப வந்தவங்களும் வேணும், எல்லாரும் போன பிறகு இருக்கறவங்களும் வேணும்.

"இதெல்லாம் சொல்லி புள்ளைங்களோட ஆர்வத்தையே கெடுத்துடுவே"ன்னு நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. ஒன்றரை நாள்னாலும் ஒரு வசதியான வீட்டுப் புள்ள ஏழை ஊரைக் கண்ணால பாக்குதேங்கறாரு. நியாயம்தான். பாக்கட்டும். ஆனா அதுக்குப் பேரு பாக்கறது. படிக்கறது. கத்துக்கிட்டவன் நன்றி சொல்லணும். சேவை செஞ்சேன்னு சான்றிதழ் வாங்கக் கூடாது. உண்மையைச் சொல்லிக் கூட்டிட்டுப் போனா ஆர்வம் கெட்டுப் போகாது, பொய்யைச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாத்தான் என்னை மாதிரி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு பதிவு போட வேண்டி வரும்.

கடைசியா, மருமக இமயமலைக்குப் போறா. மீதிப் பணத்தை நான்தான் குடுத்தேன் (அக்கா சிரிச்ச சிரிப்பை எழுத முடியாது). ஆனா போறதுக்கு முன்னாடி அவ டீச்சர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கா: "அந்தப் பள்ளிக்கூடத்துல பெயிண்ட் அடிக்கறதுதான் வேணும்னு கேட்டாங்களா மிஸ்?" டீச்சர் விசாரிச்சுட்டு வந்து சொன்னாங்களாம், பெயிண்ட் வேண்டாமாம், போன வருஷம் வந்த இன்னொரு பள்ளிக்கூடத்துப் பசங்க அடிச்ச பெயிண்ட்டே இன்னும் புதுசா இருக்காம் :-)

அவங்க என்ன கேட்டிருக்காங்கன்னு இன்னும் தெரியல. வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கா. சுவத்துல பேரு எழுதாம வந்தா போதும்.

டிஸ்கி 1: அப்பத்தாவுக்குப் பணம் ஒன்றரை வருஷம் கழிச்சு வந்துச்சுன்னு அந்த ஊரு பையன் ஒருத்தன் பஸ்ல பாத்தப்ப சொன்னான். அது போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு.

டிஸ்கி 2: உங்க முகாம் அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. நட்ட மரம் இப்பவும் நிக்குதுன்னா கண்டிப்பா சொல்லுங்க. எனக்கு ஆறுதலா இருக்கும்.